ஜாவாவிலிருந்து வந்த சின்னக் குளவியும் நம் ஊர் மரங்களும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நம் பக்கத்தில் ஒரு மரத்தில் புழு விழுந்தால் ஊருக்குள் இரண்டு யோசனைகள்தான் எழும்பும். ஒன்று, "மரத்த வெட்டிப் போடுங்க". மற்றது, "மருந்தடிங்க". பாடசாலை வளவில் நிற்கும் ஜகரண்டாவாக இருந்தாலும் சரி, பள்ளிவாசல் முற்றத்துக் கொய்யாவாக இருந்தாலும் சரி, கோயிலடி அரச மரமாக இருந்தாலும் சரி, லயத்துக்குப் பின்னால் நிற்கும் ஆனைக்கொய்யாவாக இருந்தாலும் சரி, பேச்சு இந்த இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடும். ஓட்டை விழுந்த இலைகளைப் பார்த்ததும் மனம் பதறுகிறது. பிள்ளைகளின் மேல் கம்பளிப்புழு விழுந்து உடம்பெல்லாம் தடித்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்ய நாங்கள் இந்தப் பதிவை எழுதவில்லை.

ஆனால் இந்த இரண்டு யோசனைகளுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள நாம் தூர தேசம் போகத் தேவையில்லை. தலவாக்கலையிலும் பூண்டுலோயாவிலும், நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் தேயிலை மலைகளிலும் நடந்த வரலாறு அது. நம்முடைய பாட்டன், பாட்டிமாரின் கைகள் பட்ட வரலாறு. பாடப்புத்தகத்தில் ஜேம்ஸ் டெய்லரின் பெயரும் 1867 என்ற ஆண்டும் வருகின்றன. இந்தக் கதை வருவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்திக்கொள்வோம். தேயிலையும் மரம்தான். கவ்வாத்து வெட்டி, கொழுந்து கிள்ளி, இடுப்பளவுக்கு மேல் வளர விடாமல் வைத்திருப்பதால்தான் அது செடியாகத் தெரிகிறது. கைவிடப்பட்ட மலைகளில் தேயிலை நெடுநெடுவென்று வளர்ந்து நிற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆகவே தேயிலைக்கு நடந்ததெல்லாம் ஒரு வகையில் மரங்களுக்கு நடந்த கதைதான்.

கதை தேயிலைக்கு முன்பே தொடங்குகிறது. அப்போது இந்த மலைகள் முழுக்க கோப்பி. காட்டை வெட்டி, எரித்து, மலைக்கு மலை ஒரே பயிரை நட்டார்கள். அந்தக் காலத்தில் இலங்கையில் கோப்பித் தோட்டம் நடத்திய நீட்னர் என்ற ஜெர்மானியர், கோப்பி மரத்தின் எதிரிகளைப் பற்றி 1861ல் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரித்த பூச்சிகளில் ஒன்று, இலைகளை நூலால் ஒட்டி உள்ளேயிருந்து தின்னும் ஒரு புழு. அதன் தாய், மண்ணிறமான சின்ன அந்துப்பூச்சி. கோப்பியில் கண்டதால் அதன் அறிவியல் பெயரிலேயே கோப்பி ஒட்டிக்கொண்டது: ஹோமோனா கொஃபேரியா.

எட்டு ஆண்டு கழித்து, 1869ல், வேறொரு ஆபத்து வந்தது. அது பூச்சி அல்ல, பூஞ்சணம். கோப்பி இலைத்துரு நோய். இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படியும், பிறகு இலை உதிரும். 1870களின் பிற்பகுதியில் சுமார் 2,75,000 ஏக்கரில் நின்ற கோப்பி, அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய இல்லாமலே போனது. 1880ல் இதை ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் முக்கியமான ஒன்றைக் கவனித்தார். நோயின் வித்துக்கள் காற்றில் பறக்கின்றன. இடையில் காடும் இல்லை, வேறு மரமும் இல்லை. ஒரு கோப்பி இலையிலிருந்து கிளம்பியது அடுத்த கோப்பி இலையில் போய் இறங்குகிறது. மலைக்கு மலை ஒரே பயிரை வைத்தது, நோய்க்கு நாமே போட்டுக் கொடுத்த பாதை.

கோப்பி போனது, தேயிலை வந்தது. இலை சுருட்டும் அந்தப் புழுவோ எங்கும் போகவில்லை. அது பல செடிகளையும் தின்னக்கூடிய புழு. கோப்பி இல்லாத இடத்தில் தேயிலையில் ஏறிக்கொண்டது. பெயரில் மட்டும் கோப்பி நின்றுவிட்டது. பூண்டுலோயாவில் துரையாக இருந்த ஏர்னஸ்ட் கிறீன், 1890ல் தேயிலையின் பூச்சிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிற்பாடு அரசாங்கத்தின் பூச்சியியலாளரானவரும் அவர்தான். தேயிலை வந்து அதிக காலம் ஆகாத அந்த நாளிலேயே அதன் பூச்சிகளுக்குத் தனியாக ஒரு நூல் தேவைப்பட்டிருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்தப் புழுவைத் தோட்டங்களில் "டோர்ட்ரிக்ஸ்" என்றே சொன்னார்கள். அதன் வேலை இப்படி: தாய் அந்துப்பூச்சி முற்றிய இலையின் மேல், மீன் செதில் அடுக்கியது போல ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டையான முட்டைகளை இடும். ஒரு தட்டில் நூற்றுக்கு மேலும் இருக்கலாம். பொரித்து வரும் குஞ்சுப் புழுக்கள் கொழுந்தை நோக்கிப் போகும். இரண்டு மூன்று இலைகளைப் பட்டு நூலால் இழுத்துக் கட்டிக் கூடு செய்யும். உள்ளே இருந்தபடி தின்னும். கொழுந்துதான் கூலி, கொழுந்துதான் ஏற்றுமதி. அந்தக் கொழுந்தையே அது தின்றது.

அப்போது என்ன வைத்தியம்? கை. முட்டைத் தட்டு உள்ள இலையைத் தேடிப் பிடுங்குவது. நிரை நிரையாக, செடி செடியாக. தோட்டத் தொழிலாளரின் கண்களும் கைகளும், சிறுவர்களின் கைகள் உட்பட, இந்த வேலையில் ஆண்டுக்கணக்காக உழைத்தன. பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய வயதில் மலையில் முட்டை பொறுக்கிய பிள்ளைகள் அவர்கள். அவர்களின் பெயர்கள் எந்த அறிக்கையிலும் இல்லை. பொறுக்கியும் புழு தீரவில்லை. ஒரு தட்டைத் தவறவிட்டாலும் நூறு புழு.

1925ல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பிறகு தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டம் அதன் இருப்பிடமாயிற்று. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். இதே புழு ஜாவாவிலும் இருக்கிறது. அங்கேயும் தேயிலைதான். ஆனால் அங்கே இது இவ்வளவு பெரிய தொல்லையாக இல்லை. ஏன்?

அதற்கான விடை ஒரு குளவியில் இருந்தது. குளவி என்றதும் நம் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களைக் கொட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் குளவியை நினைத்துவிடாதீர்கள். இது வேறு. கொசுவைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மனிதரைக் கொட்டாது. மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்பது அதன் பெயர். பெயரிலேயே அது யாருடைய எதிரி என்று எழுதியிருக்கிறது. இளம் புழுவைத் தேடிப் போய் அதன் உடம்புக்குள் முட்டை வைக்கும். அந்த முட்டை உள்ளேயே பல கருக்களாகப் பிரியும். புழு வளர வளர உள்ளே இருப்பவையும் வளரும். கடைசியில் ஒரு புழுவிலிருந்து அந்துப்பூச்சி வராது, ஒரு கூட்டம் குளவிகள் வரும். இந்த அதிசயத்தைத் தலவாக்கலையில் கேட் என்ற ஆய்வாளர் நுணுக்கமாக ஆராய்ந்து 1940களின் தொடக்கத்தில் எழுதினார்.

1935, 1936ஆம் ஆண்டுகளில் அந்தக் குளவிகள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டு நம் மலைகளில் விடப்பட்டன. சில ஆண்டுகளில் அவை நிலைத்துப் பரவின. டோர்ட்ரிக்ஸ் முற்றாக அழிந்துவிடவில்லை. ஆனால் ஊரையே நடுங்க வைத்த எதிரி, எப்போதாவது தலைகாட்டும் சின்னத் தொல்லையாகச் சுருங்கியது. ஒரு பயிரின் பூச்சியை இன்னொரு பூச்சியைக் கொண்டு அடக்கியதற்கு உலகப் பாடநூல்கள் எடுத்துக்காட்டும் சம்பவங்களில் நம் மலையின் இந்தச் சம்பவமும் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் வாங்க வேண்டிய சரக்கல்ல அது. ஒரு தடவை வந்தது, தானே பெருகியது, தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். ஆனால் முடியவில்லை.

தேயிலைக்கு இன்னொரு எதிரி உண்டு. மிளகைவிடச் சிறிய கறுப்பு வண்டு. கிளையில் குண்டூசி பாய்ந்தது போலத் துளை போட்டு உள்ளே சுரங்கம் வெட்டும். தோட்டங்களில் இதை ஷொட் ஹோல் போரர் என்பார்கள். இது இலை தின்பதில்லை, மரத்தையும் தின்பதில்லை. சுரங்கத்தின் சுவரில் ஒரு பூஞ்சணத்தை வளர்த்து அதைத்தான் தின்கிறது. ஆனால் துளை விழுந்த கிளை முறிந்துவிடும். நடுமலைத் தோட்டங்களில் இதன் சேதம் பெரிது.

1950களின் பின்பகுதியில் இந்த வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற நஞ்சு வந்தது. டிடிடியின் உறவுக்கார இனம். அதன் பெருமையாகச் சொல்லப்பட்டதே, அடித்தால் நீண்ட காலம் நிற்கும் என்பதுதான். மழைக்கும் இலேசில் போகாது, வெயிலுக்கும் இலேசில் சிதையாது. அந்த நாளில் அது பெரிய நன்மையாகத் தெரிந்தது. தொழிலாளர்கள் முதுகில் டாங்கியைச் சுமந்து மலை மலையாக அடித்தார்கள்.

வண்டு குறைந்தது உண்மை. ஆனால் டீல்ட்ரின் அடித்த மலைகளில் இன்னொன்று கூடியது. இருபது ஆண்டுகளாக அடங்கிக் கிடந்த டோர்ட்ரிக்ஸ் மறுபடி எழும்பியது. ஏன் என்று யோசித்தால் புரியும். புழு, இலைகளைக் கட்டி உள்ளே ஒளிந்திருக்கிறது. நஞ்சு அதனிடம் போய்ச் சேருவது கஷ்டம். குளவியோ இலை இலையாக நடந்து புழுவைத் தேடுவது. நஞ்சு படிந்து நிற்கும் இலையில் நடந்தால் செத்துவிடும். ஆகவே அடித்த மருந்து புழுவைக் காப்பாற்றி, புழுவைத் தின்பதைக் கொன்றது. காவல்காரனைக் கட்டிப்போட்டால் திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

டோர்ட்ரிக்ஸ் மட்டுமல்ல. அதுவரை யாரும் பெரிதாகக் கவனிக்காத இன்னொரு புழு, காய்ந்த குச்சியைப் போலவே அசையாமல் நிற்கும் குச்சிப் புழு, கூட்டமாக வந்து தேயிலையை மொட்டையாக்கியது. இந்தக் குச்சிப் புழு ஏன் திடீரென்று பெருகியது என்பதை தந்தநாராயணவும் கதிரவேற்பிள்ளையும் ஆராய்ந்து 1969ல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கைகாட்டிய குற்றவாளி டீல்ட்ரின்தான். ஒரு சிங்களப் பெயரும் ஒரு தமிழ்ப் பெயரும் சேர்ந்து நின்று நம் மலைக்குச் செய்த வேலை அது. அந்த இரண்டு பெயர்களையும் நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

டீல்ட்ரின் பிறகு கைவிடப்பட்டது. 2001ல் கையெழுத்தான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை உலகம் முழுவதும் ஒழிக்க வேண்டியவை என்று முதலில் பட்டியலிட்ட பன்னிரண்டு இரசாயனங்களில் அதுவும் ஒன்று. நீண்ட காலம் நிற்கும் என்று மெச்சப்பட்ட அதே குணம்தான் அதன் குற்றமாயிற்று. மண்ணில் நிற்கிறது, உயிர்களின் கொழுப்பில் சேர்கிறது, தாய்ப்பால் வரைக்கும் போகிறது. டாங்கி சுமந்தவர்களின் உடம்பில் அது என்ன செய்தது என்று கேட்பாரில்லை. நம் பேச்சில் இதற்கெல்லாம் "மருந்து" என்றே பெயர். நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்துவிட்டோம். பெயரே பாதிப் பயத்தைப் போக்கிவிடுகிறது.

தேயிலை பணப்பயிர், வீட்டு மரத்துக்கு அது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டு மரங்களுக்கும் ஊர் மரங்களுக்கும் இதே கதை நடந்த இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் மெட்ஃபோர்ட் என்ற ஊர்.

நம் மலைகளில் கோப்பிக்குத் துரு விழுந்த அதே 1869ஆம் ஆண்டளவில், அந்த ஊரில் வசித்த ட்ரூவெலோ என்ற பிரெஞ்சுக்காரர் பட்டுப்பூச்சி ஆராய்ச்சிக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த ஒருவகை அந்துப்பூச்சிகள் அவர் வீட்டுப் பின்வளவிலிருந்து தப்பிவிட்டன. இருபது ஆண்டு யாரும் கவனிக்கவில்லை. 1889ல் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. தெருவோர மரங்களும் பழமரங்களும் கோடை காலத்தில் மொட்டையாக நின்றன. சுவரெல்லாம் புழு, நடைபாதையெல்லாம் புழு.

மாநில அரசு அடுத்த ஆண்டே போர் தொடங்கியது. முட்டைகளைச் சுரண்டி எரித்தார்கள். மரத்துக்குச் சாக்குத் துணி சுற்றி, அதற்கடியில் ஒளியும் புழுக்களைப் பிடித்தார்கள். இந்தப் புழுவுக்கென்றே 1890களில் ஈய ஆர்சனேட் என்ற நஞ்சைத் தயாரித்து மரங்களில் அடித்தார்கள். ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்தது அது. பிறகு டிடிடி காலம் வந்தது. 1957ல் நியூயோர்க் பக்கத்து லோங் ஐலண்டில் வீடுகள், தோட்டங்கள், குளங்கள் என்று பாராமல் விமானத்திலிருந்து டிடிடி தெளித்தார்கள். ஊர் மக்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். வழக்கில் வெல்லவில்லை. ஆனால் 1962ல் ரேச்சல் கார்சன் எழுதி உலகத்தை உலுக்கிய "மௌன வசந்தம்" என்ற நூலில் அந்தத் தெளிப்பு ஒரு முக்கிய இடத்தைப் பிடித்தது. அந்தப் புழு இன்றும் அமெரிக்காவில் இருக்கிறது.

அந்தக் கதையில் நாம் மறைக்கக்கூடாத இன்னொரு பாடமும் உண்டு. 1906ல் அந்தப் புழுவை அடக்க ஐரோப்பாவிலிருந்து ஒரு வகை ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஈ எந்தப் புழுவையும் விட்டுவைக்காத சாதி. அழிக்க வந்த புழுவோடு நிற்காமல், அங்கே காலங்காலமாக வாழ்ந்த அழகான பெரிய பட்டு அந்துப்பூச்சிகளையும் தாக்கியது. ஜாவாவிலிருந்து நமக்கு வந்த குளவியோ தன் இரையை அறிந்து தேடும் குளவி. இயற்கை எதிரி என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. யாருக்கு எதிரி என்று முதலில் ஆராய வேண்டும். இந்த வேலை ஆய்வாளர்களுடையது. நாம் பெட்டியில் எதையாவது கொண்டுவந்து விடுகிற வேலை அல்ல.

நம் நாட்டிலேயே சரியாகச் செய்த வேறு உதாரணமும் இருக்கிறது. 1970ல் தென்னோலையைத் துருவித் தின்னும் ஒரு வெளிநாட்டு வண்டு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஓலைகள் தீய்ந்தது போலக் காய்ந்தன. சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவி, சில ஆண்டுகளுக்குள் அதை அடக்கியது. இன்று தேங்காய் துருவும்போது நம்மில் யாருக்காவது அந்தக் குளவியின் ஞாபகம் வருகிறதா? வராது. காவல் நன்றாக நடந்தால் காவல்காரனின் முகம் யாருக்கும் தெரிவதில்லை.

இதைச் சொல்வதால், இரசாயனம் எதுவுமே எங்கும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2021ல் இரசாயன உரத்தையும் பூச்சிநாசினியையும் திடீரென்று இறக்குமதி செய்யவிடாமல் நிறுத்தியபோது என்ன நடந்தது என்று நம் லயங்களைக் கேட்டால் தெரியும். அந்த ஆண்டு நவம்பரில் தடையை நீக்கினார்கள். ஆனாலும் 2021ல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022ல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. உரமில்லாமல் போனது அதற்கு ஒரு முக்கிய காரணம். மலையில் கொழுந்து குறைந்தால் லயத்தில் அடுப்பு குறையும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதும் சரியல்ல, கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவதும் சரியல்ல. கண்ணைத் திறந்து பார்ப்பதுதான் வழி. தலவாக்கலையில் அன்று கேட்ட கேள்வி அதுதானே: அங்கே ஏன் இல்லை, இங்கே ஏன் இருக்கிறது?

இனி நம் ஊர் மரத்துக்கு வருவோம். புழு கண்டால் என்ன செய்யலாம்?

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். புழு எந்த மரத்தில் இருக்கிறது, மயிர் உள்ளதா இல்லாததா, ஒரு கிளையில் மட்டுமா மரம் முழுக்கவா என்று கவனியுங்கள். மயிர் உள்ளதை வெறுங்கையால் தொட வேண்டாம், பிள்ளைகளையும் தொட விட வேண்டாம். அந்த மரத்தடியில் சில நாட்கள் பிள்ளைகளை இருத்தாமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில நேரம் புழுவின் முதுகில் அல்லது அதன் பக்கத்தில் அரிசி மணி போல வெள்ளையாகச் சின்னச் சின்னக் கூடுகள் ஒட்டியிருக்கும். பலர் அதைப் புழுவின் முட்டை என்று நினைத்து நசுக்கிவிடுகிறோம். அது முட்டை அல்ல. புழுவைத் தின்று வெளியே வந்த ஒட்டுண்ணிக் குளவிகளின் கூடு. அதை நசுக்கினால் நம் பக்கத்து ஆளையே நாம் கொல்கிறோம். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, முட்டைத் தட்டுகளோ கூட்டமாக இருக்கும் குஞ்சுப் புழுக்களோ கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால், அந்த இலையை அல்லது சிறு கிளையைக் கத்தரித்து சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்கள் செய்யட்டும். அன்று மலையில் கையால் செய்த வேலைதான் இது. நாலு மரத்துக்கு அது தாராளமாகப் போதும். நாலாயிரம் ஏக்கருக்குத்தான் அது போதாமல் போனது.

நான்காவது, பொறுத்திருங்கள். வளர்ந்த, சுகமான மரம் ஒரு தடவை மொட்டையானதால் பொதுவாகச் சாவதில்லை. புழு கூடு கட்டிப் போன பிறகு புதுத் தளிர் விடும். இடையில் கொண்டைக்குருவியும் மைனாவும் குயிலும் வந்து தம் பங்கை எடுத்துக்கொள்ளும். குயில் கம்பளிப்புழுவைக்கூட விடாது. ஆனால் இளங்கன்றுகளும் ஏற்கெனவே நோய்ப்பட்ட மரங்களும் அப்படித் தாங்காது. அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது, இதற்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கி மிஞ்சிய போத்தலை எடுத்து மரத்தில் அடிக்க வேண்டாம். பாடசாலை வளவிலும் பள்ளிவாசல், கோயில் முற்றத்திலும் யாரோ சொன்னார்கள் என்று அடிக்கவே வேண்டாம். அந்த நிழலில் இருப்பவர்கள் நம் பிள்ளைகள். அந்த நஞ்சைச் சுமந்து அடிப்பவர் பெரும்பாலும் நம்மில் யாரோ ஒரு ஏழை.

ஆறாவது, புதிதாக நடும்போது ஒரே சாதி மரத்தை வரிசையாக நடாதீர்கள். சவுக்கு என்று நாம் சொல்லும் கிரவேலியாவோடு கொய்யாவும், ஆனைக்கொய்யாவும், நம் நாட்டு மரங்களும் கலந்து நிற்கட்டும். 1869 கற்றுத் தந்த பாடம் அது. ஒரே சாதி நின்றால் ஒரே நோய் எல்லாவற்றையும் கொண்டுபோகும்.

மரத்தை வெட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்கள் சரிவில் இருக்கின்றன. ஒரு மரம் நிழலை மட்டும் தரவில்லை, வேரால் மண்ணையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. புழு ஒரு மாதத்து விருந்தாளி. வெட்டிய மரம் திரும்பி வர ஒரு தலைமுறை ஆகும்.

மார்க்கம் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மரம் நட்டவருக்கு, அதிலிருந்து மனிதர் உண்பது மட்டுமல்ல, பறவையும் விலங்கும் உண்பதும் தர்மமாக எழுதப்படும் என்ற நபிமொழியை ஜும்ஆவில் பல தடவை கேட்டிருக்கிறோம். சூரா ரஹ்மானில் வரும் மீஸான் என்ற சொல்லையும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். தராசு என்று அதற்குப் பொருள். நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் குளவிதான் ஒரு காலத்தில் இந்த மலையின் தராசில் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நாம் தட்டிவிட்டபோது என்ன ஆனது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. இந்துவாக இருந்தாலும், கிறிஸ்தவராக இருந்தாலும், பௌத்தராக இருந்தாலும், மரத்தை மதிக்கச் சொல்லாத வீடு நம் மலையில் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் முட்டை பொறுக்கியதாகத் தம் தாய் தகப்பன் சொல்லக் கேட்டவர்கள், அறுபதுகளில் டாங்கி சுமந்து மருந்தடித்தவர்கள், இன்னும் நம்மிடையே சிலர் இருக்கக்கூடும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ அப்பம்மாவோ வாப்பும்மாவோ இருந்தால், இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மலையில் வேலை, எப்படி அடித்தார்கள், முகத்துக்குத் துணியாவது கட்டினார்களா, அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவத் தண்ணீர் கிடைத்ததா என்று கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வெள்ளைக்காரர் எழுதிய பாதி நம்மிடம் இருக்கிறது. மற்றப் பாதி நம் வயோதிபர்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அதற்குள் உங்கள் மரத்தில் புழு விழுந்தால் கத்தியையும் எடுக்க வேண்டாம், டாங்கியையும் எடுக்க வேண்டாம். முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். நல்லதே நடக்கும், இன்ஷா அல்லாஹ்.